வாயிலில் தமிழ், உள்ளே அயல்மொழியா?

தொழிலகத்தின் வாயிலில் தொங்கும் அறிவிப்புப் பலகையில் எந்த மொழி இருத்தல் வேண்டும் என்பதைச் சட்டம் முதலாளியின் விருப்பத்திற்கு விட்டுவிடவில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், தன் 108ஆம் பிரிவில், அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், அத் தொழிலகத்துத் தொழிலாளருள் பெரும்பாலோர்க்குப் புரியும் மொழியிலும் இருத்தல் வேண்டும் என்றும், தலைவாயிலுக்கு அருகே கண்ணிற்படும் இடத்தில் வைக்கப்பெறுதல் வேண்டும் என்றும் விதித்தது. அதற்கு ஈராண்டு முந்திய 1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டமும், பணியாளரைக் கட்டுப்படுத்தும் நிலையாணைகளுக்கு இதே நெறியைச் சொன்னது. 2020இல் நாடாளுமன்றம் இவ்விரண்டையும் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களுள் அடக்கியது. சட்டத்தின் பெயர் மாறலாம். அதன் அடியில் கிடக்கும் அறம் மாறாது. உழைப்பவனைக் கட்டுப்படுத்தும் ஆணை உழைப்பவனுக்குப் புரியும் மொழியில் இருத்தல் வேண்டும் என்பதே அவ்வறம்.

இன்று அப் பலகை வாயிலை விட்டு நகர்ந்து, கணினித் திரைக்குள் புகுந்துவிட்டது. புகும்போது பல இடங்களில் தமிழை மட்டும் வாயிலிலேயே நிறுத்திவிட்டுத் தான் தனியே உள்ளே சென்றுவிட்டது. இதனைக் கண்டவர் சிலர்; கண்டும் கேட்டவர் அவரினும் சிலர்.

நிறுவனம் ஒன்றன் அலுவலர், எழுத்தர், தொழிலாளர், கிளையகங்கள், பண்டகச்சாலைகள் ஆகிய அனைத்தையும் கணினிகளாற் பிணைத்து, வெளியார் நுழையாதவாறு கடவுச்சொல்லாற் காத்து, உள்ளார்க்கு மட்டுமே திறந்துவைக்கும் வலையமைப்பே அகவிணையம். ஆங்கிலர் இதனை இண்ட்ராநெட்டு என்பர். சுற்றறிக்கை, பணிமுறைப் பட்டியல், விடுப்பு விண்ணப்பம், சம்பளச் சீட்டு, வைப்புநிதிக் கணக்கு, மருத்துவ உதவி, பணிப் பாதுகாப்பு விதி, குறை முறையீடு ஆகியவை இன்று பெருநிறுவனங்களில் இதன் வழியாகவே ஓடுகின்றன. உலகுக்கெல்லாம் பொதுவாகிய இணையம் புறம் என்றால், நிறுவனத்திற்கே உரிய இவ் வலை அகம். அகம் எனவும் புறம் எனவும் வாழ்வைப் பகுத்து இலக்கணம் கண்ட மொழிக்கு, அதன் சொந்த மண்ணில் நிற்கும் நிறுவனங்களின் அகத்துள் இடமில்லை என்றால், அதனினும் இழிவு வேறு யாதுளது?

இவ் வினாவைக் கேட்பதற்குத் திருச்சிராப்பள்ளியினும் ஏற்ற ஊர் தமிழகத்தில் அரிது. பொன்மலையில் தொடர்வண்டிப் பணிமனை. நகரில் தென்னகத் தொடர்வண்டித் துறையின் கோட்டத் தலைமையகம். திருவெறும்பூரில் 1965இல் தொடங்கிய கொதிகலன் ஆலை. அதனையடுத்து 1966இல் எழுந்த படைக்கலத் தொழிலகம். 1964இல் வட்டாரப் பொறியியற் கல்லூரியாகத் தோன்றி இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகமாக வளர்ந்துள்ள கல்விக்கூடம். 1982இல் பாரதிதாசனார் பெயராலேயே நிறுவப்பெற்ற பல்கலைக்கழகம். 1994இல் திருச்சி, திருவரங்கம், பொன்மலை ஆகிய மூன்று நகராட்சிகளையும் இணைத்து உருவாக்கப்பெற்ற மாநகராட்சி. இத்தனை நிறுவனங்களும் இன்று கணினியின்றி ஒருநாளும் இயங்கா. இவற்றுள் எதன் உள்வலை, அதிற் பணிபுரியும் கடைநிலைத் தொழிலாளிக்கும் தமிழில் விடையிறுக்கும் வகையில் அமைந்துள்ளது என்று திருச்சித் தமிழர் எப்போதேனும் கேட்டதுண்டா? தெருவிற் பெயர்ப்பலகைக்காகப் போராடியவர் உண்டு. கோயிலில் வழிபாட்டு மொழிக்காகப் போராடியவர் உண்டு. பள்ளியிற் பயிற்றுமொழிக்காகச் சிறை சென்றவரும் உண்டு. ஆனால், சம்பளச் சீட்டின் மொழிக்காகக் குரல் எழுப்பியவர் எத்தனை பேர்?

பற்றவைப்புத் தொழிலாளி ஒருவரை எடுத்துக்காட்டாக எண்ணிப் பார்க்க. தமிழ்வழியிற் பத்தாம் வகுப்பும் அதன்பின் தொழிற்பயிற்சியும் முடித்தவர். உருகிய இரும்பின் நிறங்கண்டே இணைப்பின் உறுதியைச் சொல்லத்தக்கவர். முன்பெல்லாம் விடுப்பு வேண்டுமெனின் வெள்ளைத்தாள் ஒன்றில், தம் மொழியில், தம் கையால் எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுத்தார். இன்று அவர் திரைமுன் அமர்ந்து, ஆங்கிலப் பட்டியலில் எட்டுவகை விடுப்புகளுள் ஒன்றைத் தேர்ந்து, ஆங்கிலத்திற் கரணியம் காட்டி, ஆங்கிலப் பொத்தானை அழுத்தல் வேண்டும். அவர் என் செய்வார்? பக்கத்து இருக்கை இளைஞரை அழைப்பார். தம் கடவுச்சொல்லை அவர் காதிற் சொல்வார். அந்நொடியே அவ் வலையின் காவல் முழுதும் உடைந்தது. அவர் கணக்கில் எவ்வளவு பணம் உள்ளது, அவர் மனைவிக்கு என்ன மருத்துவம், அவர் மீது என்ன ஓலை என்பவையெல்லாம் பிறர் கைக்குப் போயின. பல்லாயிரம் செலவிட்டுக் காவற்சுவர் எழுப்பும் கணினியர், அச்சுவரில் அயல்மொழியே ஒரு பெரும்பிளவு என்பதை உணர்வதில்லை. புரியாத பூட்டுக்குச் சாவியைப் பிறரிடம் கொடுத்துத்தானே ஆகவேண்டும்!

இது விடுப்போடும் பணத்தோடும் முடிவதன்று, உயிரோடு தொடர்புடையது. 2019ஆம் ஆண்டு (தி.பி. 2050) மே மாதத்தில், மதுரைக் கோட்டத்தில், திருமங்கலத்திற்கும் கள்ளிக்குடிக்கும் இடையே இரு பயணியர் தொடர்வண்டிகள் ஒரே தடத்தில் செல்லும் நிலை ஏற்பட்டது. நல்வாய்ப்பாக மோதல் நேரவில்லை. இரு நிலையங்களின் அலுவலர்க்கு இடையே மொழி புரியாமையே இதற்குக் கரணியம் எனச் செய்திகள் வந்தன. தமிழ்நாட்டு நிலையத்தில் தமிழறியாதவரை அமர்த்தியமையால் நேர்ந்த பிழைக்கு மருந்து யாது? அவருக்குத் தமிழ் கற்பித்தல். ஆனால், அடுத்த மாதம் தென்னகத் தொடர்வண்டித் துறையிலிருந்து எழுந்த சுற்றறிக்கையோ, கட்டுப்பாட்டறையும் நிலைய அலுவலரும் தமக்குள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ பேசவேண்டும், வட்டார மொழியைத் தவிர்க்கவேண்டும் என்றது. நோய் ஒருவர்க்கு, கசப்பு மருந்து மற்றொருவர்க்கு! தமிழகம் கொதித்தெழுந்த பின்னர், சில நாள்களிலேயே அச் சுற்றறிக்கை திரும்பப் பெறப்பட்டது.

இந்நிகழ்ச்சி மதுரைக் கோட்டத்தது எனத் திருச்சி வாளாவிருத்தல் ஆகாது. அத்துறையின் ஆறு கோட்டங்களுள் திருச்சியும் ஒன்று. மேலும், அது வெளியே வந்தமையால் மக்கள் அறிந்தனர், எதிர்த்தனர், வென்றனர். அகவிணையத்தின் உள்ளேயே பிறந்து உள்ளேயே வழங்கும் ஆணைகள் எத்தனை? பட்டியல் ஒன்றில் தமிழைச் சேர்க்காமல் விட்டுவிட்டால், அதற்குச் சுற்றறிக்கை வேண்டியதில்லை, எதிர்ப்பும் எழாது. சொல்லாமலே விலக்குவது சொல்லி விலக்குவதினும் கொடிது.

தமிழை உள்ளே விடச் சட்டம் தடுக்கின்றதா? இல்லை. நடுவணரசு 1976இல் ஆக்கிய ஆட்சிமொழி விதிகள், இந்தியா முழுமைக்கும் உரியன எனக் கூறும் அதே தொடரில், தமிழ்நாட்டை மட்டும் விலக்கி நிறுத்தியுள்ளன. 1965இல் தமிழ் மாணவர் சிந்திய குருதியின் ஈரம் உலராத காலத்தில் எழுதப்பெற்ற விதி அது. ஆகவே, இந்தியைப் புகுத்த அவ்விதிகள் இம்மண்ணில் துணைநில்லா. தமிழைச் சேர்ப்பதற்கோ எவ்விதியும் தடைநில்லாது. தடையாவது திட்டமிடுவோரின் சோம்பல் ஒன்றே. ஓரிடத்தில் ஆக்கிய மென்பொருளை நாடெங்கும் அப்படியே விரித்துவிட்டு, “மொழி பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று கூறும் சோம்பல் அது. அப் பின்னர் என்னும் நாள் ஒருபோதும் விடிவதில்லை.

பழியை நடுவணரசின் மேல் மட்டும் சுமத்திவிட்டுத் தமிழர் தம் தோளைத் தட்டிக்கொள்ளவும் இயலாது. 1956ஆம் ஆண்டிலேயே (தி.பி. 1987) தமிழ்நாட்டின் ஆட்சிமொழி தமிழே எனச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் பயனாய்ச் சுற்றறிக்கையும் குறிப்பும் தமிழில் வரலாயின. இப்போது தாள்கோப்பு மறைந்து மின்கோப்பு வருகின்றது. மின்கோப்பினுள் எழுதும் குறிப்புத் தமிழாயினும், அதனைத் திறக்கும் பட்டியும், அனுப்பும் பொத்தானும், தேடும் பெட்டியும் ஆங்கிலமாயின், ஆட்சிமொழி தமிழாதல் எங்ஙனம்? வீடு தமிழனுடையது, கதவும் தாழ்ப்பாளும் அயலானுடையவை என்றால், அவ் வீட்டிற்கு உரியவன் யார்?

தமிழ் இதற்குத் தகுதியற்றது என்பார் வரலாறறியார். சோழர் செப்பேடுகள் ஓர் ஆணை நடந்த வழியை அடிதோறும் காட்டுகின்றன. ஆனைமங்கலச் செப்பேட்டை நோக்குக. அரசன் வாய்மொழியாய் இட்ட ஆணையைக் கேட்டுத் திருமந்திரவோலை எழுதுவான் ஒருவன். திருமந்திரவோலை நாயகம் அதனை ஒப்புநோக்குவான். புரவுவரித் திணைக்களத்தார் அதனைப் பெறுவர். வரிப்பொத்தகத்தில் அது பதியப்பெறும். ஒவ்வொரு படியிலும் செய்தவர் பெயர் நிற்கும். யார் எழுதினார், யார் ஒப்பினார், யார் பதிந்தார் என்பதைப் பின்னாளிற் காட்டும் இப் பதிவைத்தான் இன்றைய கணினியர் தடப்பதிவு என்று வியந்து பேசுகின்றனர். மின்னும் கம்பியும் இல்லாத காலத்தில், ஓலையைக் கொண்டே ஓர் உள்வலையைத் தமிழ் நடத்திக் காட்டியது. அன்று திணைக்களத்திற்குச் சொல் இருந்தது; பொத்தகத்திற்குச் சொல் இருந்தது. இன்று மட்டும் சொல்லில்லை என்பது நாவின் குறை, மொழியின் குறையன்று.

திருவரங்கமும் இதே பாடத்தையே கற்பிக்கின்றது. அக் கோயிலிற் காணப்பெறும் கல்வெட்டுகள் அறுநூற்றுக்கு மேற்பட்டவை. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24ஆம் தொகுதி முழுதும் திருவரங்கத்திற்கே உரியதாயிற்று. நிலக்கொடை, விளக்குக்கொடை, நந்தவனம் எனப் பலவும் சுவரிலேயே பொறிக்கப்பட்டன. படிப்பறிவுடையான் எவனும் நின்று படித்தறியலாம். அதே கோயிலின் நடைமுறைகளையும் பணியாளர் உரிமைகளையும் கூறும் கோயிலொழுகு என்னும் ஏடோ வடசொல் மலிந்த கலப்பு நடையில் அமைந்தது. சுவரில் ஒரு மொழி, ஏட்டில் ஒரு மொழி என்னும் பிளவு அன்றே தோன்றிவிட்டது. உள்ளே வழங்கும் பதிவு எந்த மொழிக்குப் போகின்றதோ, அம்மொழியறிந்தார் கைக்கே உள்ளாட்சியும் போகும். இன்றைய அகவிணையமும் இவ்விதிக்கு விலக்கன்று.

திட்டமிடுவார்க்குத் திருவரங்கத்தின் அமைப்பே ஓர் இலக்கணமாகும். திருச்சுற்றுகள் ஏழு. புறத்தேயுள்ள மூன்றில் மக்கள் குடியிருப்பும் கடைத்தெருவும். அகத்தேயுள்ள நான்கில் கோயில். யார் எதுவரை செல்லலாம், எப்பணி எச்சுற்றில் நடைபெறும் என்பது வரையறுக்கப்பட்டுள்ளது. நல்ல அகவிணையமும் இங்ஙனமே சுற்றுச்சுற்றாய் அமைதல் வேண்டும். அனைவர்க்கும் உரிய அறிவிப்புகள் வெளிச்சுற்றில். பிரிவு சார்ந்த கோப்புகள் அடுத்த சுற்றில். தனியாள் கணக்கு உட்சுற்றில். ஆனால், எச்சுற்றுக்கும் வழிகாட்டும் பலகை தமிழில் இருத்தல் வேண்டும்.

அடுத்தது பெயரொழுங்கு. தொடர்வண்டித் துறையின் பதிவுகளில் திருச்சிச் சந்திப்பு இன்றும் ‘டி, பி, சே’ என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளால் வழங்குகின்றது. வெள்ளையன் திரித்த திருச்சினாப்பொலி என்னும் பெயரின் எச்சம் அது. அவன் போய் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகியும், அவன் நாவுக்கு வாயாத பெயரே தமிழனின் கணினிக்குள் அரியணை ஏறியுள்ளது. ஒரே ஊர் ஓரிடத்தில் திருச்சி, ஓரிடத்தில் திரிச்சி, ஓரிடத்தில் திருச்சிராப்பள்ளி. ஓர் ஊரே திருவரங்கம், சீரங்கம் என இருவகை. ஆங்கில எழுத்திலோ இவற்றின் வடிவங்கள் இன்னும் பல. மூன்று நகராட்சிகளின் ஏடுகள் ஒன்றாய்ச் சேர்ந்த மாநகரில், ஒருவன் ஒரு வடிவத்தைத் தேடினால் மற்ற வடிவங்களில் உள்ள கோப்புகள் அகப்படா. ஆகவே, அகவிணையம் தொடங்கும்முன் ஊர், தெரு, பிரிவு, பதவி, படிவம் ஆகியவற்றின் தமிழ்ப்பெயரை முதற்பெயராகக் கொண்ட ஒரு பட்டியலை உறுதிசெய்தல் வேண்டும். தமிழ்நாட்டரசின் ஆட்சிச் சொல்லகராதி அதற்கு அடிப்படையாகும்.

மூன்றாவது குறியேற்றம். கணினியில் தமிழ் நுழைந்த தொடக்கக் காலத்தில், எழுத்துரு ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியீட்டைக் கொண்டிருந்தது. ஓர் அலுவலகத்தில் தட்டிய கோப்பு, மற்றோர் அலுவலகத்திற் பொருளற்ற கீறல்களாய்த் தோன்றியது. ஒருங்குறியோ 1991இல் வெளிவந்த தன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் வகுத்திருந்தது. 2010 சூன் மாதத்தில் தமிழ்நாட்டரசு ஒருங்குறியையும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் தரமாக ஏற்று ஆணையிட்டது. அதன் பின்னும் பழைய எழுத்துருவில் கோப்புகளைக் குவிப்பது, பூட்டிய அறைக்குள் ஓலையை எறிந்துவிட்டுச் சாவியைக் காவிரியில் வீசுவதற்கு ஒப்பாகும். பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுதல் திட்டத்தின் முதற்செலவாதல் வேண்டும்.

நான்காவது பொறுப்பு. அகவிணையத்தைக் கணினிப் பிரிவின் தலையிற் கட்டிவிட்டு மற்றவர் உறங்குவராயின், அஃது ஓராண்டிற் பாழ்மனையாகும். சென்ற ஆண்டின் சுற்றறிக்கை மாறியபின்னும் அங்கேயே தொங்கும். மாற்றலாகிச் சென்றவர் பெயரே தொலைபேசிப் பட்டியலில் நிற்கும். ஒவ்வொரு பிரிவும் தன் பக்கத்திற்குத் தானே காவலன் ஒருவனை நியமித்தல் வேண்டும்; ஒவ்வொரு பக்கத்திலும் எழுதியவர் பெயரும், நாளும், மறுபார்வைக்குரிய நாளும் இருத்தல் வேண்டும். இவற்றோடு, தொழிலாளர் பேராளர் ஒருவரும் தமிழறிஞர் ஒருவரும் திட்டக்குழுவில் இருத்தல் வேண்டும். திறப்பு விழாவிற்கு முன்னர், கடைநிலைப் பணியாளர் பத்துப் பேரைத் திரைமுன் அமர்த்தி, எவர் துணையுமின்றி விடுப்பு விண்ணப்பம் ஒன்றை அனுப்பச் செய்க. அவரால் இயலாதாயின், தோற்றது அவரல்லர்; திட்டம்.

இதற்கு மறுப்புரைப்பார் சிலர் உளர். “கணினி ஆங்கிலத்தில்தானே இயங்கும்?” என்பர். கணினி அறிந்தவை சுழியும் ஒன்றும் மட்டுமே; அதற்கு ஆங்கிலமும் ஒன்றுதான், தமிழும் ஒன்றுதான். “தமிழில் தட்டெழுத நேரமாகுமே?” என்பர். பன்னீருயிர், பதினெண்மெய், ஆய்தம் ஆக 31 எழுத்துகளைக் கொண்டே 247 எழுத்துகளையும் எழுதவல்ல விசைப்பலகையை 1999இலேயே தமிழ்நாட்டரசு தரப்படுத்திவிட்டது, பழகாதார்க்குத்தான் நேரமாகும். “மென்பொருள் வாங்கப் பணமில்லையே?” என்பர். 2003 முதல் தமிழில் வளரும் விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி என்னும் மென்பொருள் கட்டற்றது. தமிழ் இடைமுகம் உடையது. எப்பள்ளியும் எச்சங்கமும் பொருட்செலவின்றிப் பெற்றுத் தன் வழங்கியில் நிறுவிக்கொள்ளலாம். “பிறமொழியாளரும் பணிபுரிகின்றனரே?” என்பர். அவர்க்கு ஆங்கிலத் திரை இருக்கட்டும். தமிழர்க்குத் தமிழ்த்திரை இருக்கட்டும். ஒரு சொடுக்கில் மொழி மாற்றும் ஏந்து கணினிக்கு அரிதன்று. பிறரை வெளியேற்றக் கேட்கவில்லை தமிழர். தம் வீட்டில் தமக்கும் ஓர் இருக்கை கேட்கின்றனர்.

ஆகவே, தொழிற்சங்கங்கள் இனிக் கூலி உயர்வுப் பேச்சில் அகவிணையத்தின் மொழியையும் ஒரு கோரிக்கையாக வைத்தல் வேண்டும். கல்லூரி மாணவர் தம் கல்லூரியின் உட்பக்கங்களைத் தமிழாக்கித் தரும் தொண்டை மேற்கொள்ளல் வேண்டும். தமிழாசிரியர், இலக்கண வகுப்போடு நில்லாமல், தம் பள்ளியின் வருகைப் பதிவேடும் தேர்வுப் பட்டியலும் எந்த மொழியிற் கணினியேறுகின்றன என்று நோக்குதல் வேண்டும். தமிழ் அமைப்புகள் தம் உறுப்பினர் ஏட்டைத் தமிழில் வைத்துள்ளனவா என்பதை முதலில் தம்மையே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். தன் முதுகின் அழுக்கைக் காணாதவன் ஊர்த்தெருவைக் கூட்டப் புறப்படுதல் நகைப்பிற்குரியது.

மலைக்கோட்டையின் உச்சியில் நின்று நோக்கினால், ஒருபுறம் திருவரங்கத்துக் கோபுரங்கள், மறுபுறம் பொன்மலை, அதற்கும் அப்பால் திருவெறும்பூரின் புகைபோக்கிகள். இவை யாவற்றையும் எழுப்பிய கைகள் தமிழ்க்கைகள். அக் கைகள் எழுப்பிய சுவர்களுக்குள், அக் கைக்குரியோர் தம் சம்பளத்தின் கணக்கைத் தாமே படிக்க இயலாது நிற்றல் ஒரு நாளும் பொறுக்கத்தக்கதன்று. வாயிலில் தமிழை நிறுத்தியவர், அதனை உள்ளேயும் அழைத்துச் செல்க. அழைக்க மறுப்பாராயின், வாயில் திறக்கும்வரை தமிழர் தட்டுக!